ஹாக்நோஸ் பாம்புக்குட்டிகளுக்கு முதல் சாப்பாடு ஏறும் வரை

வெஸ்டர்ன் ஹாக்நோஸ் பாம்பை வீட்டில் இனப்பெருக்கம் செய்ய நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, ஆணையும் பெண்ணையும் எப்போது சேர்த்து விட வேண்டும் என்றுதான். இந்த வேலையிலேயே சுலபமான பகுதி அது. நன்றாகச் சதை பிடித்த ஒரு பெண்ணும், குளிர் உறக்கம் முடித்த ஒரு ஆணும் இருந்தால் மிச்சத்தை அவையே பார்த்துக்கொள்ளும். முட்டையைக் கிழித்துக்கொண்டு வரும் ஆறு கிராம் குட்டிக்கு எலி என்பதும் ஒரு சாப்பாடுதான் என்று பழக்குவதில்தான் உயிர் போகும். அதனால் அந்தப் பகுதியை நிறையவே எழுதியிருக்கிறேன். ஜோடி சேர்க்கும் முன்பே அதைப் படித்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

இந்த இனம் வட அமெரிக்கப் புல்வெளிகளுக்குச் சொந்தமானது. கனடாவில் ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான், மானிடோபா மாகாணங்களின் தெற்குப் பகுதியில் தொடங்கி, அமெரிக்காவின் பெரும் சமவெளி வழியாக டெக்சாஸ், நியூ மெக்சிகோ வரை காணப்படுகிறது. மணலும் இளகிய மண்ணும் உள்ள இடமாகப் பார்த்து வாழும். ஹெட்டரோடன் நாசிகஸ் என்ற அறிவியல் பெயரில் 1852-ல் பேர்ட், ஜிரார்ட் என்ற விலங்கியலாளர்கள் இதை விவரித்தார்கள். மூக்கு நுனிச் செதில் மேல்நோக்கி வளைந்து, விளிம்பு கூராக இருக்கும். அதை வைத்து மண்ணைக் கிளறி, உள்ளே புதைந்து கிடக்கும் தேரையைத் தோண்டித் தின்னும். பல்லி, ஊர்வனவற்றின் முட்டைகள், சின்ன எலிகள் எல்லாமும் தின்னும் என்றாலும், தேரை வாசம்தான் இதன் ரத்தத்தில் ஊறியது. குட்டிகள் எலியைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வதற்குக் காரணம் அதுதான்.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் நடுப்பகுதியில். மாடியில் வடக்குப் பார்த்த சின்ன அறையைப் பாம்புகளுக்கு ஒதுக்கியிருக்கிறோம். பெண்ணுக்கு மிளகு, ஆணுக்குச் சீரகம் என்று என் மகள் பெயர் வைத்தாள். இரண்டும் மனிதர் வீட்டில் பிறந்து வளர்ந்தவை. இன்று விற்பனைக்கு வரும் வெஸ்டர்ன் ஹாக்நோஸ்கள் பெரும்பாலும் அப்படித்தான். இந்த இனத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் உருவத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. மிளகு 310 கிராம், சீரகம் 85 கிராம். வாலைப் பார்த்தாலும் தெரிந்துவிடும்: ஆணின் வால் நீளம், அடிப்பக்கம் தடிப்பு, பெண்ணுக்குக் கட்டை வால், சட்டென்று குறுகிவிடும்.

விஷம் பற்றி ஒரு வார்த்தை. ஹாக்நோஸின் மேல்தாடையில் பின்பக்கம் நீண்ட பற்கள் உண்டு, லேசான விஷமும் உண்டு. பயமுறுத்த வரும்போது கழுத்தைத் தட்டையாக்கிப் படம் எடுக்கும், சீறும், வாயை மூடிக்கொண்டே மூக்கால் இடிக்கும். அப்போது கடிப்பது அபூர்வம். கையில் எலி வாசம் இருந்தால்தான் ஆபத்து. சாப்பாடு என்று நினைத்துக் கவ்வி, விடாமல் மென்றால் வீக்கமும் கொப்புளமும் வரும். இந்தக் கடியால் ரத்தத்தில் பிளேட்லெட் எண்ணிக்கை குறைந்த ஒரு நோயாளியைப் பற்றி மருத்துவ இதழிலேயே வந்திருக்கிறது. எங்கள் வீட்டில் எலியைத் தொட்ட கை பாம்பைத் தொடாது. நீளமான இடுக்கியால்தான் உணவு. பாம்பைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுவது வயிற்றைக் கெடுக்கும் சால்மோனெல்லாக் கிருமிக்காக, அதிலும் விட்டுக்கொடுப்பதில்லை. இங்கிலாந்தில் இந்த இனத்தை வளர்க்க அபாயகரமான விலங்குகளுக்கான உரிமம் தேவையில்லை. ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒன்று: இந்தியாவில் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வளர்ப்பது 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இதைப் படித்துவிட்டு வயலில் கிடக்கும் பாம்பின் மேல் யாரும் கை வைக்க வேண்டாம்.

கூண்டு விஷயத்தில் அதிகம் யோசிக்க வேண்டியது சூடு எங்கிருந்து வருகிறது என்பதுதான். ஹாக்நோஸ் புதைந்து வாழும் பாம்பு. ஆஸ்பென் மரச்சீவலைக் குறைந்தது எட்டு, பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போட வேண்டும். அவ்வளவு ஆழத்துக்கு அடியில் ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு) வைத்தால் சீவல் சூட்டை மேலே விடாது. மேலே குளிர்ந்து கிடக்கும், கீழே தோண்டிப் போகிற பாம்பின் வயிறு சுடும். அதனால் பெரிய பாம்புகளுக்கு மேலிருந்து ஹாலஜன் பல்ப், அதைச் சுற்றிக் கம்பிக் கூடு, சூட்டை ஒரே அளவில் நிறுத்தத் தெர்மோஸ்டாட். பல்புக்கு நேர் கீழே தரை 32 டிகிரி செல்சியஸ், மறுமுனை 23, 24. இரவில் பல்ப் அணைந்து 20 வரை இறங்கினாலும் பரவாயில்லை. தேவதாரு, பைன் சீவல்கள் வேண்டாம்; அவற்றின் எண்ணெய் வாடை பாம்பின் மூச்சுக்குழாய்க்கு ஆகாது. சட்டை உரிக்கும் காலத்தில் மட்டும், ஈரப்பாசி போட்ட ஒரு டப்பாவை மூலையில் வைத்தால் போதும்.

இனப்பெருக்கத்துக்குப் பெண் 200 கிராம் இருந்தால் போதும் என்பார்கள். எனக்கு அது குறைவாகத்தான் படுகிறது. முட்டையிடும்போது உடம்பில் கால்வாசி எடை போய்விடும். மூன்று வயது, 250 கிராமுக்கு மேல், முதுகெலும்பு துருத்தாமல் உருண்டையான உடம்பு: இந்த மூன்றும் இல்லாத பெண்ணைச் சேர்க்க மாட்டேன். ஆண் அவ்வளவு கேட்காது. ஒன்றரை, இரண்டு வயதில் 50 கிராம் தாண்டினால் தயார். இன்னொரு வேலையையும் முன்பே முடித்துவிட வேண்டும். இலையுதிர் காலத்திலேயே இரண்டின் எச்சத்தையும் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொடுத்து, ஒட்டுண்ணி இருக்கிறதா என்று பரிசோதித்தோம். உடம்பில் கோளாறு உள்ள பாம்பைக் குளிரில் வைத்தால் எழுந்திருக்காமலே போகலாம்.

குளிர் உறக்கத்துக்கு இங்கிலாந்து வசதியான நாடு. நவம்பர் மாதம் சாப்பாட்டை நிறுத்தினேன். ஆனால் சூட்டை நிறுத்தவில்லை. இரண்டு, மூன்று வாரம் அதே 32 டிகிரி இருக்க வேண்டும். வயிற்றில் இருக்கிற கடைசி எலி முழுக்கச் செரித்து வெளியே போனால்தான் குளிருக்கு அனுப்பலாம். செரிக்காத உணவோடு குளிர்ந்தால் அது உள்ளேயே அழுகிவிடும். அப்புறம் ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டைக் குறைத்து, பல்பை முழுக்க அணைத்து, இரண்டையும் சீவல் நிரப்பிய தனித்தனி டப்பாக்களுக்கு மாற்றி, ரேடியேட்டர் போடாத அந்த வடக்கு அறையின் தரையில் வைத்தேன். 11 முதல் 13 டிகிரி. கடும் பனி இரவுகளில் 10-க்குக் கீழே போகாமல் இருக்க, அறைக்குள் தெர்மோஸ்டாட்டோடு ஒரு சின்ன ஹீட்டர். தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். உறங்குகிற பாம்பும் எழுந்து வந்து குடிக்கும்.

இந்த நேரத்தில் செய்ய வேண்டியது எடை போடுவது மட்டும்தான். சமையலறைத் தராசில் டப்பாவை வைத்து, பூஜ்யமாக்கி, பாம்பை வைத்து, எழுதிவிட்டுத் திரும்ப வைப்பது மகளின் பொறுப்பு. "அப்பா, மிளகு ஆறு கிராம்தான் குறைஞ்சிருக்கு" என்று கத்திச் சொல்வாள். 310-ல் ஆறு கிராம் ஒன்றுமில்லை. பத்து சதவீதத்துக்கு மேல் இறங்கினாலோ, மூச்சு விடும்போது சத்தமோ மூக்கில் குமிழோ வந்தாலோ உறக்கத்தை அங்கேயே முடித்துச் சூட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். எங்களுக்கு அப்படி எதுவும் நேரவில்லை. பத்து வாரம் போல விட்டு, பிப்ரவரியில் மெதுவாகச் சூட்டை ஏற்றினேன்.

எழுந்த பெண்ணுக்கு அசுரப் பசி. முதலில் ஒரு சின்ன எலி, அது செரித்ததும் ஐந்து நாளைக்கு ஒருமுறை வழக்கமான அளவு. ஆணுக்குச் சாப்பாட்டில் நாட்டமே இருக்காது. கண்ணாடி ஓரமாகவே இரவு முழுக்கச் சுற்றிச் சுற்றி வரும். மிளகு முதல் சட்டை உரித்ததும் சேர்த்தோம். சேர்ப்பதற்கு இரண்டு நாள் முன்னால் அவளுக்கு நன்றாகச் சாப்பாடு போட்டாக வேண்டும். தன்னில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத ஆண் எதிரே வந்து நிற்கும்போது பெண் பசியோடு இருக்கக் கூடாது. இந்த இனத்தில் ஒன்றையொன்று விழுங்குவது நடந்திருக்கிறது.

மாலையில் சீரகத்தை அவள் கூண்டில் விட்டேன். நாக்கை நீட்டி நீட்டி அவள் முதுகின் மேலேயே ஊர்ந்து, உடம்பைச் சிறு சிறு வெட்டாக அசைத்துக்கொண்டு வாலை அவள் வாலுக்கு அடியில் செருகப் பார்த்தான். அவள் இரண்டு தடவை வாலை உதறினாள், அப்புறம் அசையாமல் கிடந்தாள். பூட்டிக்கொண்டால் மணிக்கணக்கில் அப்படியே இருக்கும். அப்போது பிரிக்கவே கூடாது, ஆணுக்குக் கிழிந்துவிடும். தானாகப் பிரிந்ததும் எடுத்துவிட்டு, மூன்று நான்கு நாள் இடைவெளியில் மறுபடி மறுபடி விட்டேன். பெண் விலகி விலகிப் போக ஆரம்பித்ததும் நிறுத்திக்கொண்டேன்.

ஏப்ரல் கடைசியில் அவள் உடம்பின் பின்பாதி கனக்க ஆரம்பித்தது. சூட்டடியிலேயே கிடந்தாள், சில சமயம் பக்கவாட்டில் திரும்பி வயிற்றைக் காட்டிக்கொண்டு. அப்புறம் ஒரு சட்டை உரிப்பு. முட்டைக்கு முந்தின சட்டை அது. அது கழன்றதிலிருந்து சுமார் ஒன்றரை வாரத்தில் முட்டை வரும் என்று கணக்கு. உடனே மூடியில் ஓட்டை போட்ட ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் ஈர ஸ்பேக்னம் பாசியை நிரப்பி உள்ளே வைத்தேன். அவளுக்கு இடம் பிடிக்காவிட்டால் தண்ணீர்க் கிண்ணத்தில் இட்டுவிடுவாள், முட்டை மூழ்கிச் செத்துவிடும். அதனால் அந்த நாட்களில் பெரிய கிண்ணத்தை எடுத்துவிட்டு, உடம்பு நுழையாத சின்னக் கிண்ணம் வைத்தேன்.

முட்டையிட ஆரம்பித்த பாம்பு பாதியில் நின்று, அடுத்த நாளும் வயிற்றில் கட்டி தெரிந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். கையால் அழுத்தித் தள்ளப் பார்க்கக் கூடாது. மிளகுக்கு ஒரே இரவில் எல்லாம் வந்தது. பதினொன்று. அவற்றில் இரண்டு மஞ்சளாக, மெழுகு பூசியதாக, அளவில் சிறுத்து இருந்தன. கரு இல்லாத முட்டைகள். மற்ற ஒன்பதும் வெள்ளையாக, தோல் இறுகி, மூன்று சென்டிமீட்டர் நீளத்தில் இருந்தன. முட்டைகளை எடுத்ததும் மிளகைத் தராசில் வைத்தோம்: 224 கிராம். அன்று மாலையே ஒரு சின்ன எலியை வாங்கிக்கொண்டாள்.

முட்டையை எடுக்கும்போது எப்படிக் கிடக்கிறதோ அப்படியே தூக்க வேண்டும். மேல்பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. ஒட்டிக்கொண்டிருக்கிற முட்டைகளைப் பிரிக்கத் தேவையில்லை, கொத்தாகவே வைக்கலாம். முதல் ஓரிரு நாளுக்குப் பிறகு கரு உள்ளே ஒரு பக்கமாக ஒட்டிக்கொள்ளும். அப்புறம் உருட்டினால் போச்சு.

இன்குபேட்டர் நாங்களே செய்தது. கம்ப்ரஸர் செத்துப்போன ஒரு சின்ன ஃபிரிட்ஜ். உள்ளே பின்சுவரில் ஹீட் கேபிளை வளைத்து வளைத்து ஒட்டினேன். மேல் தட்டில் கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்று மெதுவாகச் சுற்றும், இல்லாவிட்டால் மேலுக்கும் கீழுக்கும் இரண்டு டிகிரி வித்தியாசம் வந்துவிடுகிறது. கீழ்த் தட்டு முழுக்கத் தண்ணீர் நிரப்பிய பாட்டில்கள். கதவைத் திறந்து மூடினாலும், கொஞ்ச நேரம் மின்சாரம் போனாலும், அந்தத் தண்ணீர் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். பல்ஸ் வகைத் தெர்மோஸ்டாட்டின் சென்ஸரை முட்டை டப்பாவுக்கு ஒட்டினாற்போல் கட்டினேன். அதை நம்பி விட்டுவிடாமல், டப்பாவுக்குள் தனியாக இன்னொரு தெர்மாமீட்டர். முட்டை வருவதற்கு இரண்டு வாரம் முன்பே இதை ஓடவிட்டு, ராத்திரி பகல் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று பார்த்துவிட்டோம். 27.5-ல் நிலையாக நின்றது. ஆமைகளைப் போலச் சூட்டை வைத்து ஆணா பெண்ணா என்று முடிவாவது பாம்புகளில் கிடையாது. சூடு கூடினால் சீக்கிரம் பொரியும், குட்டியில் கோளாறும் கூடும். அவ்வளவுதான்.

முட்டைக்குப் படுக்கை வெர்மிகுலைட், ஈரத்தைப் பிடித்து வைக்கும் இலேசான கனிமத் துகள். 200 கிராம் வெர்மிகுலைட்டுக்கு 200 கிராம் தண்ணீர், எடைக்கு எடை. சரியாக இருக்கிறதா என்று பார்க்க நம்மவர்களுக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை: புட்டு மாவு பதம். கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும், தண்ணீர் சொட்டவே கூடாது. முட்டையைப் பாதி அளவு புதைத்து, டப்பா மூடியில் ஊசியால் நான்கு ஓட்டை. வாரம் ஒருமுறை திறந்தால் புதுக்காற்றும் போகும், பார்த்தது போலவும் ஆகும். தண்ணீர் ஊற்ற வேண்டுமானால் ஓரத்தில்தான். முட்டை மேல் ஒரு துளிகூடப் படக் கூடாது.

ஒரு வாரம் கழித்து, அறையை இருட்டாக்கி, முட்டையை அசைக்காமல் ஒரு சின்ன டார்ச்சைப் பக்கவாட்டில் ஒட்டிப் பார்த்தோம். உள்ளே இளஞ்சிவப்பு வெளிச்சம், அதில் கிளை கிளையாக ரத்த நாளங்கள். ஒன்பதிலும் இருந்தன. கரு இல்லாத இரண்டும் வெறும் மஞ்சளாகத் தெரிந்தன, சீக்கிரமே பூஞ்சையும் பிடித்தன. பூஞ்சை பிடித்த முட்டை நல்ல முட்டையை ஒட்டியிருந்தால் பதற வேண்டாம். உயிருள்ள முட்டையின் தோலைப் பூஞ்சை பெரும்பாலும் துளைக்காது.

காத்திருந்த வாரங்களில் செய்ய வேண்டியது வேறு: குட்டிகளுக்கு வீடு. ஒரு குட்டிக்கு ஒரு டப்பா, கட்டாயம். சேர்த்து வைத்தால் ஒன்றையொன்று விழுங்கும். மூடி இறுகப் பூட்டும் சின்ன பிளாஸ்டிக் பெட்டிகள், பக்கங்களில் சோல்டரிங் கம்பியால் போட்ட ஓட்டைகள், அடியில் சமையலறைப் பேப்பர், ஒரு பாட்டில் மூடியில் தண்ணீர், ஒளிய ஒரு அட்டைக் குழாய்த் துண்டு, மூலையில் பிடியளவு ஈரப்பாசி. இந்தச் சின்னப் பெட்டிகளில் சீவல் ஆழம் கிடையாது என்பதால் பின்பக்கம் மட்டும் ஹீட் மேட் பட்டை, 31 டிகிரியில். குட்டிகளை எடுக்கப்போகிறவர்களையும் இதற்குள் பேசி வைத்துவிட வேண்டும். எட்டு, பத்து பாம்புகளை ஆயுள் முழுக்க நாமே வைத்துக்கொள்ள முடியாதென்றால், ஜோடி சேர்ப்பதற்கு முன்னாலேயே யோசித்திருக்க வேண்டிய விஷயம் இது. ஹாக்நோஸ் பதினைந்து வருஷத்துக்கு மேலும் வாழும்.

ஏறக்குறைய எட்டு வாரத்தில் முட்டைகள் லேசாகச் சொட்டை விழுந்தன. இரண்டு நாளில் முதல் கீறல். குட்டியின் மேலுதட்டு நுனியில் முட்டை கிழிப்பதற்கென்றே ஒரு குட்டிப் பல் உண்டு, அப்புறம் விழுந்துவிடும். கீறல் வழியாக வளைந்த மூக்கு மட்டும் வெளியே வந்து, மூச்சு விட்டு, நம் நிழல் பட்டதும் உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்படியே ஒரு நாள், ஒன்றரை நாள்கூட உட்கார்ந்திருக்கும். மிச்ச மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிற நேரம் அது. இழுத்து வெளியே எடுத்தால் அந்த மஞ்சள் கரு இருக்கும் பை கிழிந்து குட்டி செத்துவிடும். ஒன்பதில் எட்டு வெளியே வந்தன. ஒன்று முழுக்க வளர்ந்து, முதுகெலும்பு கோணி, உள்ளேயே இறந்திருந்தது. எட்டும் 5 முதல் 7 கிராம். மிளகு அனகோண்டா வகை, அதாவது முதுகுப் புள்ளிகள் குறைந்தது. தாய், தந்தையில் ஒரு பக்கம் மட்டும் வந்தாலே வெளியே தெரியும் மரபணு அது. சீரகம் அல்பினோ, அதாவது கருநிறமி இல்லாதது; அந்த மரபணு இரண்டு பக்கமும் வந்தால்தான் தெரியும். அதனால் குட்டி எதுவும் அல்பினோ இல்லை, ஆனால் எல்லாமே அந்த மரபணுவைச் சுமப்பவை. ஐந்து அனகோண்டா, மூன்று சாதாரணம்.

பிறந்த சில நாளிலேயே முதல் சட்டையை உரித்துவிடும். அது முடிந்து ஒரு வாரம் வரை சாப்பாட்டுப் பேச்சே எடுக்கவில்லை. வயிற்றில் மஞ்சள் கரு மிச்சம் இருக்கும்.

இனி எலி. முடி முளைக்காத, பிறந்து ஒரு நாளான சுண்டெலிக் குஞ்சு, கடையில் பிங்கி என்பார்கள், உறைந்ததாகக் கிடைக்கும். ஒரு கிராம் சொச்சம் எடை. ஃபிரிட்ஜில் உருகவிட்டு, கவரில் போட்டு வெந்நீரில் முக்கி உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து, ஈரம் துடைத்து வைக்க வேண்டும். எட்டுப் பெட்டியிலும் மாலையில் ஒவ்வொன்று வைத்துவிட்டு விளக்கை அணைத்தோம். காலையில் மூன்று காணாமல் போயிருந்தன. அந்த மூன்றும் அதற்குப் பிறகு ஒருநாளும் தொல்லை கொடுக்கவில்லை. எந்தக் குட்டி அப்படி இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்லவே முடியாது. எடையிலும் அவை நடுவாந்தரம்தான்.

மற்ற ஐந்துக்கு, ஐந்து நாள் விட்டு அடுத்த முயற்சி. எலிக்குஞ்சை ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பில் தேய்த்து, பலமுறை அலசி, எலி வாடையே இல்லாமல் ஆக்கிச் சூடாக்கினேன். இடுக்கியில் பிடித்துக் குட்டியின் மூக்கில் மெல்ல ஒரு தட்டு. உடனே படம் எடுத்துச் சீறும். மறுபடி ஒரு தட்டு. கோபத்தில் வாயைத் திறந்து கவ்வும். கவ்விய நொடியில் நாம் சிலையாகிவிட வேண்டும். இடுக்கியைக்கூட எடுக்கக் கூடாது. பல்லில் ஏதோ மாட்டியிருக்கிறதே என்று அது யோசிக்கும், தாடையை ஒரு பக்கம் நகர்த்தும், அப்புறம் அடுத்த பக்கம். அந்த இரண்டாவது நகர்வு வந்துவிட்டால் பெரும்பாலும் விழுங்கிவிடும். இந்த வழியில் இரண்டு ஏறின.

மூன்று மிச்சம். தண்ணீரில் அடைத்த, உப்புப் போடாத சால்மன் மீன் டின்னைத் திறந்து, அந்தத் தண்ணீரில் எலிக்குஞ்சின் தலையை மட்டும் நனைத்தேன். குட்டியையும் அதையும் மூடியில் ஓட்டை போட்ட ஒரு கைப்பிடி அளவு டப்பாவுக்குள் போட்டு, அந்த டப்பாவைக் குட்டியின் பெட்டிக்குள்ளேயே இரவு முழுக்க வைத்தோம். பெரிய பெட்டியில் சாப்பாட்டைக் கண்டால் ஓடி ஒளிகிற குட்டி, இருட்டில் அதன் மேலேயே படுத்துக் கிடக்க வேண்டியிருந்தால் மணி இரண்டுக்கோ மூன்றுக்கோ தின்றுவிடுகிறது. இதில் இன்னும் இரண்டு.

தேரையைப் பிடித்துவந்து எலி மேல் தேய்த்தால் ஒரே நாளில் வேலை முடியும் என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். அது உண்மையும்கூட. ஆனால் காட்டுத் தேரையோடு ஒட்டுண்ணியும் வீட்டுக்குள் வரும், தேரைக்கும் வேதனை. நான் அதைச் செய்வதில்லை.

மிச்சமிருந்தது ஆறாம் நம்பர். 5.2 கிராமில் பிறந்த பெண் குட்டி. சோப்பு, தட்டு, சால்மன், இருட்டு டப்பா எதற்கும் மசியவில்லை. எடை 4.8 ஆனது. பயப்படுகிற அளவு இல்லை. சுறுசுறுப்பாக, சீறிக்கொண்டுதான் இருந்தது. ஹாக்நோஸ் குட்டிகள் பிறந்து சில வாரம் சாப்பிடாமலே தாங்கும். வாய்க்குள் சிரிஞ்ச் மூலமோ குழாய் மூலமோ உணவு செலுத்துவது கடைசிக் கட்டம், அதையும் மருத்துவர் கையால் செய்வதே மேல். அதற்கு முன்னால் இன்னொரு வழி இருந்தது: பல்லி வாசம். நண்பர் ஒருவர் கிரெஸ்டட் கெக்கோ என்ற பல்லி வளர்க்கிறார். அது உரித்த தோலை ஈரமாக்கி எலிக்குஞ்சின் தலையில் சுற்றலாம். சிறுத்தைப் பல்லியின் (லெப்பர்ட் கெக்கோ) தோலை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். செரிமான உறுப்புகளைத் தாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி அவற்றிடம் அடிக்கடி காணப்படுகிறது, பாம்புகளுக்கு அந்தக் குடும்பக் கிருமிகளுக்கு மருந்தே இல்லை என்று சொல்லலாம். நண்பரின் கெக்கோ எச்சம் பரிசோதித்த ஒன்று.

எலிக்குஞ்சைப் பாதியாக வெட்டி, தலைப் பாதியில் அந்தத் தோலை ஒட்டி, ஆறாம் நம்பரின் அட்டைக் குழாய்க்கு வாசலில் வைத்துவிட்டு அறையை விட்டே வந்துவிட்டோம். கொஞ்ச நேரம் கழித்துக் கதவிடுக்கில் பார்த்தபோது தலையை வெளியே நீட்டியிருந்தது. நாக்கு வேகமாக வந்து வந்து போனது. மூக்கால் அந்தத் தோலை ஒரு பக்கம் புரட்டியது. அப்புறம் ஓரத்தை, மிக மெதுவாக, வாயில் எடுத்தது. காலையில் என்னை எழுப்பியது மகளின் குரல்: "அப்பா, ஆறு தின்னுடுச்சு! தோல் உட்பட!"

வாசத்தை விடவைப்பது அடுத்த வேலை. ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் தோலின் அளவைக் குறைத்து, பிறகு வெறும் தேய்ப்பு, பிறகு வெறும் எலி. சால்மன் குட்டிகளுக்கும் அப்படியே. நடுவில் ஒன்று மறுத்தால் ஒரு படி பின்னால் போய் மறுபடி தொடங்க வேண்டும். தின்றதைக் கக்கினால் இரண்டு வாரம் எதுவும் கொடுக்காமல் விட்டு, பாதி அளவில் தொடங்க வேண்டும். தின்ற குட்டியை இரண்டு நாள் கையில் எடுக்கவே கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

வாசம் எதுவும் இல்லாத எலியைத் தொடர்ந்து ஐந்து முறை தின்ற குட்டிதான் வீட்டை விட்டுப் போகும். இந்த ஒன்றில் நான் யாருக்கும் வளைந்து கொடுத்ததில்லை. மறுக்கிற குட்டியை, "பழகிடும்" என்று சொல்லிப் புது ஆளின் கையில் கொடுத்தால் அது அங்கே பட்டினி கிடந்து சாகும். ஒவ்வொன்றோடும் ஒரு அட்டை போனது: பிறந்த தேதி, பெற்றோர், மரபணு, ஒவ்வொரு சாப்பாட்டின் தேதியும் அளவும், எடை, சட்டை உரித்த நாட்கள், பெட்டியின் சூடு. வாங்க வருகிறவரிடம் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று முதலில் கேட்பேன். பதினாறு வயதுக்குக் குறைந்தவருக்கு விலங்கை விற்கக் கூடாது என்பது 2006-ம் ஆண்டு விலங்கு நலச் சட்டம். அதனால் பையன்கள் வந்தால் பெற்றோரோடுதான். செல்லப் பிராணிகளைத் தொழிலாக விற்க 2018 விதிகளின்படி உள்ளாட்சி மன்ற உரிமமும் வேண்டும். எப்போதாவது ஒருமுறை இனப்பெருக்கம் செய்பவர்களும் தங்கள் மன்றத்தில் கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது.

ஏழு குட்டிகள் போய்விட்டன. ஆறாம் நம்பர் எங்களிடமே இருக்கிறது. இப்போது 19 கிராம். ஐந்து நாளைக்கு ஒரு முழுக் குஞ்சு, எந்த வாசமும் இல்லாமல். மிளகு செப்டம்பரில் 290 கிராம் தொட்டாள். இந்தக் குளிர்காலம் அவளுக்கு உறக்கம் உண்டு, வசந்தத்தில் ஜோடி கிடையாது. பெண் ஹாக்நோஸ் விந்தைப் பல மாதம் உடம்பில் சேமித்து வைக்கும் என்பதால், சேர்க்காவிட்டாலும் முட்டை வர வாய்ப்பு உண்டு. ஸ்பேக்னம் பாசியும் வெர்மிகுலைட்டும் இப்போதே வாங்கி வைத்தாயிற்று. ஃபிரிட்ஜின் ஃபேன் மட்டும் சத்தம் போட ஆரம்பித்திருக்கிறது, ஏப்ரலுக்கு முன்னால் மாற்ற வேண்டும்.